கூரை போன ஃபவுன்டன்ஸ் மடத்து ஆலயம்: சுவரைப் படிப்பது எப்படி?

கேள்வி இது: இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் இருக்கும் ஃபவுன்டன்ஸ் மடத்தின் படங்களில் ஆலயச் சுவர்கள் உச்சிவரை நிற்கின்றன, கூரையை மட்டும் காணோம். அது எப்படி? ஒரே கட்டடத்தில் அரைவட்ட வளைவும் கூர்வளைவும் கலந்து கிடப்பது ஏன்? நேரில் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கூரை. அது விழவில்லை. கழற்றி விற்கப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியத் தொடங்கும்.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1536ஆம் ஆண்டுச் சட்டம் வருட வருமானம் 200 பவுண்டுக்குக் கீழே இருந்த மடங்களைத்தான் முதலில் பிடித்தது. வேல்ஸ் எல்லையில் உள்ள டின்டர்ன் மடம் 192 பவுண்டு வருமானத்தோடு அந்த ஆண்டே மூடப்பட்டது. ஃபவுன்டன்ஸின் வருமானம் 1,100 பவுண்டுக்கும் மேல். ஆட்டு ரோம வியாபாரத்தில் வளர்ந்து, எளிமையை விதியாகக் கொண்ட சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபைக்கு இங்கிலாந்தில் இருந்த மடங்களிலேயே பெரும் பணக்கார மடமாக இருந்தது. அதனால் மூன்று ஆண்டு தப்பித்து, 1539 நவம்பர் 26 அன்று மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு ரிச்சர்ட் கிரெஷாம் என்ற லண்டன் வணிகர் அதை வாங்கினார்.

மூடிய மடத்தில் உடனே காசாகும் பொருள் கூரை ஈயம்தான். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு உலை எதுவும் வேண்டாம், நல்ல விறகுத் தீ போதும். விறகுக்கும் அலைய வேண்டியதில்லை. யார்க்‌ஷயரின் தென்பகுதியில் உள்ள ரோச் மடத்தில், துறவிகள் அமர்ந்து பாடிய மர இருக்கைகளையே உடைத்து எரித்து ஈயத்தை உருக்கினார்கள். அதே யார்க்‌ஷயரின் ரீவோ மடத்தில் அரச முத்திரை குத்திய நான்கு ஈயப் பாளங்கள், ஒவ்வொன்றும் அரை டன் அளவு, எடுத்துப் போவதற்கு முன்பே மேற்குச் சுவரின் கற்கள் சரிந்து மூடியதால் அங்கேயே தங்கிவிட்டன. 1920களில் இடிபாட்டைக் கிளறியபோது அவை வெளியே வந்தன. யார்க் பேராலயத்தின் பழைய கண்ணாடிச் சாளரம் ஒன்றைப் புதுப்பிக்க அந்த ஈயம் பயன்பட்டது.

ஈயம் போன பிறகு சுவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் இடிபாடுகளின் முழுக் கதையும். வெளியிலிருந்து பார்த்தால் முழுக்கச் செதுக்கிய கல்லால் கட்டிய சுவர்போலத் தெரியும். உண்மையில் அது மூன்று அடுக்கு. உள்முகத்தில் ஒரு வரிசை செதுக்கிய கல், வெளிமுகத்தில் ஒரு வரிசை, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டிய அடைப்பு. மேலே கூரை இருக்கும்வரை அந்த அடைப்பு காய்ந்தே இருக்கும். கூரை போனால் சுவரின் தலை வானத்துக்குத் திறந்துவிடும். மழை நேராக அடைப்புக்குள் இறங்கும், சாந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். உள்ளே வெற்றிடம் விழும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரியும், வெயில் வந்தால் உருகும், மறுபடி உறையும். ஆண்டுக்கு ஆண்டு இரு முகக்கல் வரிசைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, சுவர் வயிறு தள்ளத் தொடங்கும். ஒருநாள் ஒரு முகம் மட்டும் பலகைபோல உரிந்து விழும். இடிபாடுகளில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் கரடுமுரடாகவும் நிற்கும் சுவரைப் பார்த்தால், அங்கே நடந்தது இதுதான். (கல்லுக்காக ஆட்கள் முகத்தை உரித்ததும் உண்டு. அப்படியானால் கைக்கு எட்டும் உயரத்துக்கு மேலே முகக்கல் பத்திரமாக இருக்கும்.)

கூரைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மரக்கூரையின் எடை சுவர்த்தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கல் வளைவுக் கவிகை (கல்லை வளைத்துக் கட்டிய உட்கூரை) பக்கவாட்டில் தள்ளும் விசையை, மேலிருந்து வரும் எடைதான் கீழ்நோக்கித் திருப்பி அடித்தளத்துக்குக் கொண்டுபோகும். எடையை எடுத்துவிட்டால் அந்தத் தள்ளுவிசை சுவரின் வெளிவிளிம்பை நோக்கி நகரும். கூரை போன கொஞ்ச காலத்துக்குள் பல ஆலயங்களில் கவிகை விழுந்ததற்கு மழையோடு இதுவும் காரணம்.

அப்படியிருந்தும் ஃபவுன்டன்ஸ் ஏன் இவ்வளவு நிற்கிறது? ரிப்பன் நகரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தள்ளி, ஸ்கெல் என்ற சிற்றாற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது இது. கல் வேண்டியவர்கள் வண்டி கட்டி வரும் தூரத்தில் பெரிய ஊர் இல்லை. 1600ஐ ஒட்டி ஸ்டீபன் ப்ராக்டர் என்பவர் பக்கத்திலேயே ஃபவுன்டன்ஸ் ஹால் என்ற மாளிகையை இந்த மடத்துக் கல்லை எடுத்தே கட்டினார், ஆனால் ஆலயம் பெரும்பாலும் தப்பியது. 1767இல் வில்லியம் எய்ஸ்லபி இந்த இடத்தை வாங்கித் குளமும் கால்வாயுமாக அமைந்த தன் ஸ்டட்லி ராயல் பூங்காவோடு சேர்த்துக்கொண்டார். பூங்காவின் கடைசித் திருப்பத்தில் கண்ணில் படும் காட்சியாக இடிபாடு மாறியது. அழகுக்காக வைத்துக்கொண்டவர் அதை விழவிட மாட்டார். 1983இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை வாங்கியது, 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இனி கட்டடத்துக்கு வருவோம். 1132இல் யார்க் நகரின் செயின்ட் மேரி மடத்தில் ஒழுக்கம் தளர்ந்துவிட்டது என்று குறைபட்டு 13 துறவிகள் வெளியேறினார்கள். பேராயர் தர்ஸ்டன் அவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கைக் கொடுத்தார். அவர்கள் சிஸ்டெர்சியன் சபையில் சேர விரும்ப, பிரான்ஸின் கிளேர்வோ மடத்திலிருந்து அதன் மடாதிபதி பெர்னார்டு ஒரு மூத்த துறவியை அனுப்பிச் சபை முறைகளைக் கற்றுக்கொடுத்தார். முதல் ஆலயம் மரத்தால் ஆனது. 1979–80இல் தெற்குக் குறுக்குக் கூடத்தின் (நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டும் கூடத்தின் தென்பாதி) தரையைத் தோண்டியபோது அதன் கம்பக் குழிகளும், அதற்கடுத்து வந்த சிறிய கல் ஆலயத்தின் தடமும் கிடைத்தன. அந்தக் கல் ஆலயம் 1147இல் எரிக்கப்பட்டது. யார்க் பேராயர் பதவிச் சண்டையில் ஃபவுன்டன்ஸ் மடாதிபதி ஹென்றி மர்டாக் எதிரணியில் நின்றதால், அவர்மீது கோபம் கொண்டவர்கள் வைத்த தீ அது. இன்று நாம் பார்க்கும் நடுக்கூடம் அதற்குப் பிறகு, 1150களிலும் 1160களிலும் எழுந்தது.

நடுக்கூடம் 11 கண்ணறைகள் நீளம் (ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடைப்பட்ட பகுதி ஒரு கண்ணறை). மேற்கு வாசலில் நின்று கிழக்கே பாருங்கள். கனத்த உருளைத் தூண்கள், அவற்றை இணைக்கும் கூர்வளைவுகள், அதற்கு மேலே வெறும் சுவர், உச்சியில் அரைவட்டத் தலை கொண்ட சின்ன சாளரங்கள். அந்தக் காலத்துப் பெரிய ஆலயங்களில் தூண்வரிசைக்கும் மேல்சாளரத்துக்கும் இடையில் ஒரு நடைமாடம் இருக்கும். இங்கே இல்லை, சபையின் எளிமை அதை அனுமதிக்கவில்லை.

கூர்வளைவும் அரைவட்டமும் கலந்திருப்பதைப் பார்த்துப் பலர் வேறு வேறு காலத்து வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். நடுக்கூடத்தைப் பொறுத்தவரை அது தவறு. இரண்டும் ஒரே கொத்தர்களின் கைவேலை. பாரம் எங்கே பெரிதோ அங்கே கூர்வளைவு, பாரம் சிறிதான சாளரத்திலும் கதவிலும் பழகிய அரைவட்டம். கணக்கு எளிது. 4 மீட்டர் இடைவெளிக்கு அரைவட்டம் போட்டால் உயரம் 2 மீட்டர்தான் வரும், அதை மாற்ற முடியாது. கூர்வளைவானால் அதே இடைவெளியில் 3 மீட்டர் உயரம் வைக்கலாம். ஒரே பாரத்துக்குப் பக்கவாட்டுத் தள்ளுவிசை உயரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதால், அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 12ஆம் நூற்றாண்டுக் கொத்தருக்குச் சமன்பாடு தெரிந்திருக்காது. விரிசல் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பது தெரிந்திருந்தது.

இந்தக் கட்டடத்தில் மிக நுட்பமான வேலை என்று சொல்ல வேண்டுமானால் பக்கக்கூடங்களின் கவிகையைத்தான் சொல்வேன். வழக்கமாகப் பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்ததுபோன்ற கவிகை கூடத்தின் நீளவாக்கில் ஓடும். அப்போது அது வெளிச்சுவரை முழு நீளத்துக்கும் வெளியே தள்ளும். இங்கே ஒவ்வொரு கண்ணறையிலும் ஒரு பீப்பாய்க் கவிகையைக் குறுக்குவாக்கில் திருப்பிப் போட்டிருந்தார்கள். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், ஃபோன்டனே மடத்தில் இன்றும் முழுமையாகப் பார்க்கக்கூடிய முறை இது. திருப்பியதால் என்ன லாபம்? ஒரு கவிகையின் தள்ளுவிசை பக்கத்துக் கவிகையின் தள்ளுவிசையில் மோதி அங்கேயே சமமாகிவிடுகிறது. வரிசையின் கடைசிக் கவிகையை மேற்குச் சுவர் ஒரு முனையிலும் குறுக்குக் கூடம் மறுமுனையிலும் தாங்கிக்கொள்கின்றன. வெளிச்சுவருக்குத் தள்ளுவிசையே வராததால் அதில் தாராளமாகச் சாளரம் திறக்கலாம். நடுக்கூடத்துக்குக் கல் கவிகை போடவில்லை, மரக்கூரைதான். பக்கக் கவிகைகள் இன்று இல்லை. ஆனால் தூண்களின் பின்பக்கத்தைக் கவனித்தால் அவை கிளம்பிய இடம் தெரியும். நடுக்கூடத்தின் வளைவுகள் கிளம்பும் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று தெரியும் பழுப்பு மணற்கல் துறவிகள் கண்ட சுவர் அல்ல. கல் இந்தப் பள்ளத்தாக்கின் சரிவிலேயே வெட்டியது, ஆனால் உட்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் கல் இணைப்புகள்போலக் கோடு வரைந்திருந்தார்கள். ஓவியம், சிலை, வண்ணக் கண்ணாடி மூன்றையும் சபை விலக்கியிருந்ததால், வெள்ளைச் சுவரும் நிறமில்லாக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சமும்தான் ஆலயத்தின் அலங்காரம். இடமும் திறந்தவெளியாக இருக்கவில்லை. மேற்குப் பாதி மடத்தின் வயலும் மந்தையும் பார்த்த பொதுநிலைச் சகோதரர்களுக்கு, கிழக்குப் பகுதி துறவிகளுக்கு. நடுவே தடுப்புச் சுவர்கள் இருந்தன. இன்று மேற்கு வாசலிலிருந்து கிழக்குச் சாளரம்வரை ஒரே வீச்சில் தெரியும் காட்சி, தடுப்புகளை எடுத்ததால் கிடைத்தது.

கிழக்கு முனைக்குப் போனால் உலகமே வேறு. 13ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பழைய சிறிய பீடப்பகுதியை எடுத்துவிட்டு, உயர்ந்த புதிய பகுதியையும், அதன் கோடியில் குறுக்காக ‘ஒன்பது பீடங்களின் ஆலயம்’ என்ற கூடத்தையும் கட்டினார்கள். குருப்பட்டம் பெற்ற துறவிகள் பெருகியதால், அவரவர் திருப்பலி நிறைவேற்றப் பீடங்கள் போதவில்லை. ஒன்பது பீடங்களைக் கிழக்குச் சுவரோடு வரிசையாக வைப்பது அதற்கான தீர்வு. இங்கிலாந்தில் இந்த அமைப்பு இன்னொரு இடத்தில்தான் உண்டு: டர்ஹம் பேராலயம், 1242இல் தொடங்கியது. ஃபவுன்டன்ஸ்தான் முந்தியது. தூண்கள் நம்ப முடியாத அளவு ஒல்லி. அவற்றைச் சுற்றி நிடர்டேல் பளிங்கு எனப்படும் கரிய சுண்ணாம்புக்கல்லில் மெல்லிய தண்டுகள் இருந்தன. பல உதிர்ந்துவிட்டதால் அவை இருந்த இடம் காலியாகத் தெரிகிறது.

அந்த மெலிவுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அடித்தளம் சீராக இறங்கவில்லை, விரிசல் விட்டது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடாதிபதி ஜான் டார்ன்டன் கல் கவிகையை இறக்கிவிட்டு மரக்கூரை போட்டார், கிழக்குச் சுவரில் மாபெரும் சாளரம் ஒன்றைத் திறந்தார். இன்று அதன் கல் பின்னல் எதுவும் இல்லாமல் வெறும் வளைவு மட்டும் வானத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது. இங்கே ஒரு கல்லைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ஒல்லியான கூர்சாளரம் ஒன்றின் உச்சியில் பிளவு விழுந்த இடத்தில் ஒரு கல்லைச் செருகிச் சாளரத்தைப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு முகத்தில் வானதூதர், மறுமுகத்தில் வாயிலிருந்து இலைக்கொடி கிளம்பும் மனிதத் தலை. செய்த வேலை வெறும் ஒட்டு. அந்த ஒட்டுக்கும் ஒரு சிற்பி உட்கார்ந்து முகம் செதுக்கியிருக்கிறார். எளிமையே அழகு என்று தொடங்கிய சபை 350 ஆண்டில் எங்கே வந்து சேர்ந்தது என்பதை அந்தக் கல் காட்டிவிடும்.

வடக்குக் குறுக்குக் கூடத்தின் கோடியில் ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோபுரம் மடாதிபதி மார்மடியூக் ஹியூபி (1495–1526) கட்டியது. மணிக்காகக் கல் கோபுரம் கட்டக் கூடாது என்று 1157இலேயே சபையின் பொதுப் பேரவை விதித்திருந்தது. அது காற்றில் போயிற்று. கோபுரம், நடுக்கூடமும் குறுக்குக் கூடமும் வெட்டிக்கொள்ளும் நடுச்சந்திப்பின் மேல் அமையாமல் ஓரத்துக்குப் போனதற்குக் காரணம் உண்டு. சந்திப்பின் நான்கு தூண்களும் 12ஆம் நூற்றாண்டில் தாழ்வான கோபுரத்துக்கென்று போட்டவை. கூடுதல் பாரம் ஏற்ற ஏற்ற அவை அசைந்தன, கனத்த முட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. புது அடித்தளம் போட்டுத் தனியாக எழுப்பியதுதான் ஹியூபியின் நல்ல முடிவு. சந்திப்பு சிதைந்துவிட்டது, கோபுரம் இன்றும் முழுதாக நிற்கிறது. உள்ளே தளங்கள் இல்லை, அண்ணாந்தால் சுவரில் உத்திரம் செருகிய குழிகள் வரிசை வரிசையாகத் தெரியும்.

குழிகளைப் பற்றிப் பேச்சு வந்ததால்: எந்த மடத்து இடிபாட்டிலும் குழியின் அளவையும் இடத்தையும் வைத்து அதன் வேலையைச் சொல்லிவிடலாம். உள்ளங்கை அகலச் சதுரக் குழிகள் ஒரே மட்டத்தில், ஓரிரு மீட்டர் இடைவெளியில், அடுக்கடுக்காக மேலே போனால் அவை சாரக் குழிகள். கட்டும்போது சாரத்தின் குறுக்குக் கம்புகளைச் செருகி, பின்பு சாந்தால் அடைத்தவை. பெரிய, ஆழமான குழிகள் ஒரே ஒரு மட்டத்தில் வந்தால் அங்கே தளம் இருந்தது. உயர்ந்த சுவரில் சாய்வாக ஏறிக் கூடும் ஒரு கல் வரம்போ பள்ளமோ தெரிந்தால், அது தாழ்ந்த கூரை ஒன்று வந்து ஒட்டிய தடம். அதன் சாய்வே பழைய கூரையின் சாய்வு. சுவரிலிருந்து கொத்தாகக் கிளம்பிப் பாதியில் நின்றுபோன விலாக்கள் கவிகையின் எச்சம். கவிகை விழுந்தும் அந்தக் கொத்து மட்டும் விழாததற்குக் காரணம், அடியிலுள்ள சில வரிசைக் கற்கள் சாய்வாக இல்லாமல் கிடைமட்டமாகச் சுவருக்குள் பதித்தவை. சென்டரிங் இல்லாமலே நிற்கக்கூடியவை அவை.

கல் இணைப்புகளையும் பாருங்கள். இரண்டு சுவர் சந்திக்கும் இடத்தில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் ஒரே காலத்து வேலை. மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக இணைப்பு ஓடினால் ஒன்று பின்னால் வந்து ஒட்டியது. கல்லின் முகத்தில் உளி போன தடத்தைப் பார்க்கக் காலையோ மாலையோ சாய்ந்த வெயில் வேண்டும். 12ஆம் நூற்றாண்டுக் கல்லில் கோடரியால் செதுக்கிய சாய்ந்த கோடுகள் இருக்கும். 13ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் பல் உளியின் நெருங்கிய இணைகோடுகள் கூடிவிடும். உச்சி வெயிலில் இரண்டும் ஒன்றுபோலத் தட்டையாகத் தெரியும், போனதே வீண். கைக்கு ஒரு சிறு டார்ச்சும், மேலுள்ள கற்களுக்கு ஒரு பைனாகுலரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்த தவறுகள் இப்படிப்பட்ட சுவர்களை நிறையக் கெடுத்திருக்கின்றன. அதில் முதலாவது சிமென்ட் பாயிண்டிங், அதாவது கல் இணைப்புகளைச் சிமென்டால் அடைப்பது. சிமென்ட் மணற்கல்லைவிடக் கெட்டி, நீரை வெளியே விடாது. சுவருக்குள் போன ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறும், உப்பும் பனியும் சேர்ந்து கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும். சில ஆண்டுகளில் கல் உள்வாங்கி, சிமென்ட் மட்டும் வலைபோல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சுண்ணாம்புச் சாந்தோ தான் தேய்ந்து கல்லைக் காக்கும். அதைத் திரும்ப வைக்கலாம், கல்லை வைக்க முடியாது.

செய்முறை இப்படி. பழைய சாந்தைக் கைக்கருவியால் மட்டும் எடுக்க வேண்டும். மின்கருவி கல்லின் விளிம்பை வெட்டிவிடும். இணைப்பின் அகலத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு ஆழம், அதாவது 12 மில்லிமீட்டர் இணைப்புக்கு 25 மில்லிமீட்டர். தூசி கழுவி நனைத்த பிறகு, நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு ஒரு பங்கும் கூரான மணல் இரண்டரை முதல் மூன்று பங்கும் கலந்த சாந்தை இறுக்கி அடைக்க வேண்டும். கல் விளிம்பைத் தாண்டி வழியக் கூடாது. பாதி இறுகியதும் கெட்டித் தூரிகையால் தட்டினால் மேற்பரப்பு திறந்து, ஈரம் வெளியேற வழி கிடைக்கும். பிறகு பல நாள் ஈரச்சாக்கு போட்டுக் கியூரிங். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. வட இங்கிலாந்தில் அதற்கு அர்த்தம், வசந்தம் முதல் இலையுதிர் காலத் தொடக்கம்வரைதான் பருவம்.

சுவரைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கும்போது வெற்றொலி வந்தால் உள்ளே அடைப்பு கரைந்துவிட்டது. சுண்ணாம்புக் கிரவுட் (நீர்க்கக் கலந்த சாந்து) ஊற்ற வேண்டும், அதுவும் அடியிலிருந்து மேலே, நாளுக்கு ஒரு மீட்டருக்கு மிகாமல். அவசரப்பட்டு முழுவதும் ஒரே நாளில் ஊற்றினால் திரவத்தின் அழுத்தமே முகக்கல்லைத் தள்ளிக் கவிழ்த்துவிடும். சுவர்த்தலைக்கு இப்போது பல இடங்களில் மண்ணும் புல்லும் பரப்புகிறார்கள். புல் மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பனியின் ஏற்ற இறக்கத்தையும் தணிக்கும். மரமாகும் செடியை மட்டும் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். ஐவிக்கொடி விஷயத்தில் அவசரம் கூடாது. வேர் இணைப்புக்குள் போய்விட்டால் கொடியை இழுக்கும்போது கல்லும் சேர்ந்து வரும். அடியில் அறுத்து, காயவிட்டு, பிறகுதான் துண்டு துண்டாக எடுக்க வேண்டும்.

கூரை இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர் ஆலயத்தை விட்டுத் தெற்கே நீளும் மேற்குக் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். ஏறத்தாழ 90 மீட்டர் நீளம், இரட்டை வரிசையாக 22 கண்ணறைகள், தெற்கு முனை ஸ்கெல் ஆற்றின் மேலேயே நிற்கிறது. கீழே பண்டகசாலையும் பொதுநிலைச் சகோதரர்களின் உணவுக்கூடமும், மேலே அவர்கள் உறங்கும் கூடமும் இருந்தன. மேல்கூடத்தின் கூரை ஆலயத்தைப் போலவே போய்விட்டது. ஆனால் அந்த மேல்தளமே கீழ்க் கவிகைக்குக் கூரையாக நின்றதால் கவிகை முழுதாக இருக்கிறது. தூணுக்கும் விலாவுக்கும் இடையே போதிகை (தூணின் தலைக்கல்) இல்லாமல், தரையிலிருந்து கிளம்பிய கல் அப்படியே விரிந்து மேலே போகும். அந்த விலாக்களின் இடுக்குகளில் வௌவால்கள் குடியிருக்கின்றன. பாயிண்டிங் செய்யும் முன் அவை எங்கே தங்குகின்றன என்பதை வௌவால் வல்லுநரை வைத்துத் தெரிந்துகொண்டு, அந்தத் துளைகளை அடைக்காமல் விட வேண்டும்.